துணியில் விட்டுப்போன இடம்

பையை மேலே வைக்கச் சொல்லாதீர்கள். அது என் காலடியில்தான் இருக்கும். வேண்டுமானால் ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்துகொள்ளுங்கள். தூத்துக்குடியில் ஏறினதிலிருந்து மூன்று தடவை முந்தானையால் மூக்கைப் பொத்திவிட்டீர்கள், நானும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். கண்டக்டர் ஏறும்போதே கேட்டார், "பையில மீனாம்மா? லக்கேஜ் போடணும்." மீன் இல்லை. சேலை. ஒரே ஒரு நூல் சேலை. பாலிதீனில் சுற்றி, அதன் மேல் டவலையும் சுற்றித்தான் வைத்திருக்கிறேன். அதற்கு மேலும் வாடை வருகிறதென்றால் நான் என்ன செய்ய முடியும்?

மதுரைக்குப் போகிறேன், ஒரு பெண்ணைப் பார்க்க. மன்னிப்புக் கேட்கப் போகவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் ஊரில் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள், ஜெனோவா மன்னிப்புக் கேட்கக் கிளம்பிவிட்டாள் என்று. நான் ஒரு துணி விஷயமாகப் போகிறேன். அவ்வளவுதான்.

ஊர் புன்னைத்தாழை. கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். பஸ் தேடி ஏறப் போனால் யாருக்கும் தெரியாத ஊர். ஆனால் ஏதாவது ஒன்றைப் பிடுங்க வருகிறவர்களுக்கு மட்டும் வழி சரியாகத் தெரிந்துவிடும். ஒரு முறை டால்பின் எண்ண வந்தார்கள். எண்ணிவிட்டுப் போன ஆறாவது மாதம் மணலில் சிவப்புக் கொடி கட்டின கம்புகள் முளைத்தன. இன்னொரு கூட்டம் எங்கள் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்க வந்தது. கடற்கரைப் பிள்ளைகளுக்கு, நீச்சல். அவர்கள் வந்த காரில் ஒரு பெரிய வரைபடம் சுருட்டி வைத்திருந்ததை நானே பார்த்தேன். அதனால் என்னைச் சந்தேகப் பிராணி என்று சொல்லாதீர்கள். சந்தேகப்படாமல் இருந்தவர்களெல்லாம் இன்றைக்கு என்ன வாழ்கிறார்கள்?

பிறகுதான் இந்தக் கலைஞர்கள் வந்தார்கள். சென்னையில் ஏதோ ஒரு அறக்கட்டளை. மூடிக் கிடந்த ஐஸ் கம்பெனியை வாடகைக்கு எடுத்து, வெள்ளையடித்து, மூன்று மாதத்துக்கு ஒருவராக அங்கே தங்கி வேலை செய்வார்கள் என்று ஃபாதர் பூசை முடிந்ததும் அறிவித்தார். என்ன வேலை என்று கேட்டேன். கலை என்றார். கலை என்றால்? "ஊரோடு பழகி, ஊரைப் பார்த்து ஏதாவது செய்வார்கள், ஜெனோவா. உனக்குத்தான் இங்கிலீஷ் தெரியுமே, நீ கொஞ்சம் பார்த்துக்கொள்" என்றார். நான் பதினொன்றாவது வரை கான்வென்டில் படித்தவள். ஊரில் ஒரு ஃபாரம் வந்தாலும் ஒரு கடுதாசி வந்தாலும் என் வீட்டு வாசலுக்குத்தான் வரும்.

முதலில் வந்தவன் மூன்று மாதமும் சுவர் வெடிப்புகளைப் போட்டோ எடுத்தான். அடுத்து வந்தவள் சங்குகளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, காற்றடிக்கும்போது அவை அழுகின்றன என்றாள். இரண்டு பேரும் போய்விட்டார்கள். கெடுதல் இல்லை, பிரயோஜனமும் இல்லை.

மூன்றாவதாக வந்தவள்தான் கார்குழலி. பெயருக்குத் தகுந்த மாதிரி இருப்பாள் என்று நினைத்தால், தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தாள். சேலம் பக்கம், தறிக்காரக் குடும்பம். ஒரு தையல் மெஷினோடு வந்து இறங்கினாள். தையல்தானே என்று நானும் முதல் வாரம் விட்டுவிட்டேன். இரண்டாவது வாரம் கையில் கயிற்றோடு கருவாட்டுக் களத்தில் நடக்க ஆரம்பித்தாள். ஒரு முழத்துக்கு ஒரு முடிச்சு போட்ட கயிறு. இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு அளக்கிறாள், நோட்டில் எழுதுகிறாள், மறுபடி அளக்கிறாள்.

களம் என்றால் உங்களுக்குத் தெரியாது, சொல்கிறேன். கோயிலுக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள மணல். அங்கேதான் பெண்கள் மீன் காயப்போடுவார்கள். பட்டா கிடையாது, கல் கிடையாது, வேலி கிடையாது. வெளியாள் பார்த்தால் சும்மா கிடக்கிற மணல். ஆனால் யார் இடம் எதுவென்று எங்கள் ஊர் நாய்க்குக்கூடத் தெரியும். கல்யாணமாகி வருகிற முதல் வெள்ளிக்கிழமை மாமியார் மருமகளைக் கூட்டிப்போய்ப் பாயை விரித்துக் காட்டுவாள், இதிலிருந்து இதுவரை நம்முடையது என்று. அதுதான் பத்திரம். இன்னொன்றும் உண்டு. ஒருத்தி இடத்தில் இன்னொருத்தி காயப்போட்டால், இருபது வருஷம் போட்டாலும், அவள் அதை என் இடம் என்று சொல்ல மாட்டாள். வாரம் ஒரு தடவை முதல் கை அள்ளிக் கொண்டுவந்து இடத்துக்காரி வீட்டில் கொடுத்துவிடுவாள். கேட்டு வாங்குவதில்லை, தானாக வரும்.

எங்கள் வீட்டு இடத்தில் பெர்பெத்து காயப்போடுகிறாள். என்னை மைனி என்பாள், நீங்கள் அண்ணி என்பீர்களே, அதுதான். புருஷனைக் கடல் கொண்டுபோய்ப் பதினாறு வருஷம் ஆகிறது. அவளும் அவள் மகளும் அந்த மணலில்தான் சாப்பிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் அந்தப் பக்கம் போவதில்லை. எனக்கு அந்த வேலை பழக்கமில்லை. என் வீட்டுக்காரர் சில்வெஸ்தருக்கு இரண்டு விசைப்படகு இருக்கிறது. நான் எதற்குப் போகவேண்டும்?

விஷயத்துக்கு வருகிறேன். குழலி ஒவ்வொரு பெண்ணிடமும் போய், வேலைக்குக் கட்டின பழைய சேலையில் ஒரு துண்டு கேட்டாள். அந்தத் துண்டைக் களத்தின் அளவுக்குச் சரியாகச் சுருக்கி வெட்டி, ஒன்றோடு ஒன்று சேர்த்துத் தைத்து, முழுக் களத்தையும் துணியில் செய்யப்போகிறாளாம். யார் இடமோ அவர்கள் சேலை, அதன் மேல் அவர்கள் பெயர் நூலில். எங்கள் பெண்கள் சிரித்துக்கொண்டே அள்ளிக் கொடுத்தார்கள். எஸ்தாக்கியம்மாள் பாவாடையையே கொடுத்தாளாம், சேலை கிழிந்துபோய்விட்டது என்று. ஒருத்திக்காவது தோன்றவில்லை, நம் இடத்தை அளந்து பெயரோடு எழுதி எடுத்துக்கொண்டு போகிறாளே, யாருக்குக் கொடுக்கப்போகிறாள் என்று. எனக்குத் தோன்றியது.

அவள் என் வீட்டுக்கு வந்த அன்று லெட்டீஷியாவும் இருந்தாள். என்னோடு கான்வென்டில் படித்தவள், டாக்டர் பெண்டாட்டி, பாளையங்கோட்டையில் இருக்கிறாள். அன்று லெட்டீஷியா இருந்தாள் என்பதற்கும் நான் சொன்னதற்கும் சம்பந்தமில்லை. சும்மா சொல்கிறேன். வருஷம் ஒரு தடவை வருவாள். சில்வெஸ்தர் ஷிப்பிங்கில் இருக்கிறார் என்றுதான் அவளிடம் சொல்லியிருக்கிறேன். படகும் ஒரு கப்பல்தானே.

குழலி செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். நான் பீங்கான் கப்பில்தான் டீ கொடுத்தேன், அதில் குறை வைக்கவில்லை. அவள் கால் விரலிடுக்கில் மீன் செதில் ஒட்டியிருந்தது. லெட்டீஷியா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கோயில் பக்கத்திலிருந்து எட்டாவது இடம் உங்களோடதுன்னு பெர்பெத்தக்கா சொன்னாங்க. அவங்க சேலையைக் கேட்டேன், தரமாட்டேன்னுட்டாங்க. மைனி இடம், மைனிகிட்ட கேளுன்னாங்க."

"எங்க வீட்டுல யாரும் கருவாடு போடுறதில்லை" என்றேன்.

"இப்ப இல்லீங்க, முன்னாடி..."

"முன்னாடியும் இல்லை. அப்படி இடமும் எங்களுக்குக் கிடையாது."

அவள் என்னைப் பார்த்தாள். நோட்டைத் திறக்காமலே எழுந்தாள். டீ பாதி அப்படியே இருந்தது. லெட்டீஷியா, "பாவம், சோஷியல் வொர்க்கா?" என்று கேட்டாள். நான் ஆமாம் என்றேன்.

நான் அதோடு விட்டிருக்கலாம் என்று சில்வெஸ்தர் சொல்கிறார். விடுகிறவளா நான்? கமிட்டித் தலைவர் லியோனிடம் போனேன். ஊர்க்கூட்டம் போட்டார்கள். கொட்டகையில் ஆண்கள் எல்லாம் உட்கார்ந்திருக்க, அவளை நடுவில் நிற்கவைத்து நானே கேட்டேன், உனக்கு யார் பணம் கொடுக்கிறார்கள், இந்த அளவெல்லாம் யாருக்கு, என்று. இங்கிலீஷில் கேட்டேன். சென்னைக்காரர்களிடம் பேசுகிற மாதிரிதானே கேட்கவேண்டும்.

"அக்கா, தமிழ்ல கேளுங்க. எனக்கு அவ்வளவு வராது" என்றாள்.

கூட்டத்தில் சிரித்தார்கள். என்னைப் பார்த்துச் சிரித்தார்களா அவளைப் பார்த்தா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. தமிழில் கேட்டேன். அளவு யாருக்கு?

"உங்களுக்குத்தான்" என்றாள்.

பார்த்தீர்களா, எவ்வளவு சாமர்த்தியமான பதில். திருடுகிறவன்கூட அதைத்தான் சொல்வான். கடைசியில் லியோன் ஒரு முடிவு சொன்னார். ஒரு வாரத்தில் முடித்துவிட்டுக் கிளம்பவேண்டும், துணியை வெளியே கொண்டுபோகக் கூடாது, கோயிலில் வைத்துவிட்டுப் போகவேண்டும். நான்தான் அதைச் சொல்லச் சொன்னேன். அதையும் எல்லோரும் வசதியாக மறந்துவிட்டார்கள். துணி ஊரிலேயே இருந்ததற்கு நான்தான் காரணம்.

கிளம்புகிற அன்று மறுபடி என் வாசலுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. "அந்த எட்டாவது இடத்தை வெள்ளையா விட்டிருக்கேன்க்கா. வேற யார் சேலையும் அதுல வைக்க மனசு வரல" என்றாள். போன் நம்பரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாள். நான் வாங்கிக் காலண்டருக்குப் பின்னால் செருகினேன். கிழிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஏழு மாதம் போனது. எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

அப்புறம் வந்தார்கள் அதிகாரிகள். மீன் இறங்குதளம் கட்டப்போகிறோம், லாரி வந்துபோக ஒரு ரோடு வேண்டும், கடற்கரை மணல் சும்மாதானே கிடக்கிறது என்று. நல்ல மரியாதையான மனிதர்கள், அயர்ன் பண்ணின சட்டை, ஒவ்வொருவரும் என்னை மேடம் என்றுதான் கூப்பிட்டார்கள். நான் நாற்காலி போட்டு இளநீர் வெட்டிக் கொடுத்தேன். அவர்கள் கையிலும் வரைபடம் இருந்தது. இருந்தது, பார்த்தேன். அரசாங்க முத்திரை போட்டிருந்ததால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அந்த வரைபடத்தில் களம் முழுக்க வெறும் புள்ளிகள். புள்ளி என்றால் மணல். ஒரு பெயர் இல்லை, ஒரு கோடு இல்லை.

பெண்கள் கத்தினார்கள். அதிகாரிகள் ஆதாரம் கேட்டார்கள். பாய் விரித்துக் காட்டினதற்கு எங்கே போய் ஆதாரம் வாங்குவது? அப்போதுதான் லியோனுக்கு ஞாபகம் வந்தது, கோயில் பீரோவில் ஒரு துணி கிடக்கிறதே என்று.

சமுதாயக் கூடத்தில் விரித்தார்கள். முப்பது அடி நீளம். நானே அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தேன். பச்சையும் சிவப்பும் காவியும், வெயிலில் வெளுத்துப்போன எல்லா நிறமும். பெரிய அதிகாரி ஒருவர், கண்ணாடி போட்டவர், பூட்ஸைக் கழற்றிவிட்டு அதன் ஓரமாக நடந்தார். தன் வரைபடத்தைப் பக்கத்தில் வைத்து அளந்தார். அளவு சரியாக இருந்தது. ஒரு சாண்கூடப் பிசகவில்லை. பிறகு பெண்களைக் கூப்பிட்டு அவரவர் இடத்தில் போய் நில்லுங்கள் என்றார். நாற்பத்தொரு பெண்கள் அவரவர் சேலை மேல் போய் நின்றார்கள். ஒருத்திக்கும் இடம் தப்பவில்லை, ஒருத்தியும் அடுத்தவள் மேல் இடிக்கவில்லை. அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். சரி, இதையெல்லாம் புழக்கத்தில் உள்ள இடம் என்று பதிவு செய்கிறேன், ரோட்டை யாரும் புழங்காத இடத்தில் விடலாம் என்றார்.

யாரும் புழங்காத இடம் ஒன்றுதான் இருந்தது. கோயில் பக்கத்திலிருந்து எட்டாவது. வெள்ளையாக.

பெர்பெத்து அந்த வெள்ளைக்கு வெளியே, சுவர் ஓரமாக நின்றாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, துணி மேல் ஏறுவதாக இருந்தால்தானே கழற்றுவதற்கு. அதிகாரி கேட்டார், "நீங்க எங்கம்மா காயப்போடுறீங்க?"

அவள் என்னைப் பார்த்தாள். "எனக்கு இடம் கெடையாது சார். அது எங்க மைனி எடம்."

"மைனி யாரு?"

மொத்தக் கூடமும் என் பக்கம் திரும்பியது. ஃபாதர் இருந்தார். அதிகாரிகள் இருந்தார்கள், மேடம் மேடம் என்று இளநீர் குடித்தவர்கள். லியோனுக்கு நான் கூட்டத்தில் குழலியை நிற்கவைத்துக் கேட்டதெல்லாம் ஞாபகம் இருந்தது, அவர் முகத்திலேயே தெரிந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அதை இங்கிலீஷில் சொன்னேன்.

அவர் குறித்துக்கொண்டார். மறுப்பு இருந்தால் முப்பது நாளைக்குள் தெரிவிக்கலாம் என்றார். அந்த இடத்தை நாமே ஒரு துண்டு வைத்துத் தைத்துவிடலாமே என்று யாரோ கேட்டதற்கு, தைத்தவர்தான் தைக்கவேண்டும், அவரே கையெழுத்துப் போட்டு ஒரு வாக்குமூலமும் தரவேண்டும், இல்லையென்றால் நாளைக்கு ஆளாளுக்குத் துண்டு ஒட்டுவீர்கள் என்றார். சரியான பேச்சு. எனக்குப் பிடித்திருந்தது.

அருப்புக்கோட்டை தாண்டிவிட்டதா? நேரம் போனதே தெரியவில்லை.

இப்போது ரோட்டுக்காரர்கள் அந்த எட்டாவது இடத்தைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டார்கள். மற்ற பெண்கள் பெர்பெத்துவைத் தங்கள் இடத்தில் ஓரமாகப் போடச் சொன்னார்கள், ஆனால் இது சீசன், யாருக்கு இடம் மிஞ்சுகிறது? பெர்பெத்து தார் ரோட்டு ஓரத்தில் பாயை விரித்தாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். திட்டவில்லை. அந்த சனிக்கிழமையும் வழக்கம்போல முதல் கை நெத்திலியைக் கொண்டுவந்து என் சுவர் மேல் வைத்துவிட்டுப் போனாள். இடமே இல்லை, எந்த இடத்துக்கு முதல் கை? அடுத்த சனிக்கிழமையும் வந்தது. அதற்கடுத்த சனிக்கிழமையும். இது என்ன பழிவாங்கல் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன், பாதி மனசில்.

போன சனிக்கிழமை வந்ததை வறுத்தேன். சில்வெஸ்தர் வாயில் போட்டு ஒரு கடி கடித்தார், நறுக்கென்று சத்தம். உள்ளங்கையில் துப்பினார். சின்ன ஜல்லிக் கல், தாரோடு. அதைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். மிச்சத்தையும் சாப்பிட்டார்.

மறுநாள் பூசைக்குப் போகவில்லை. டிரங்குப் பெட்டியைத் திறந்தேன்.

வேலைக்குக் கட்டின சேலையாக இருக்கவேண்டும், அதுதான் குழலியின் நிபந்தனை. ஊரில் எல்லோரும் நினைத்தார்கள், ஜெனோவாவிடம் அப்படி ஒரு சேலை ஏது என்று. இருக்கிறது. நீலத்தில் வெள்ளைப் புள்ளி. கல்யாணமாகி வந்த புதிதில் சில்வெஸ்தருக்கு ஒரு வள்ளத்தில் கால் பங்குகூடக் கிடையாது. விடிவதற்கு முன்னால் மாமி எழுப்பிவிடுவாள். இரண்டு வருஷம். மீனைக் கீறி, உப்புத் தடவி, விரித்து, புரட்டி, காக்கா விரட்டி. கையெல்லாம் உப்புப் புண். ஒரு நாள் கான்வென்ட் சிஸ்டர் ஒருவர் திருவிழாவுக்கு வந்தபோது பாய்க்குப் பின்னால் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். சிஸ்டர் என் பக்கத்தில்தான் நடந்து போனார். முதல் விசைப்படகு வாங்கின அன்று அந்தச் சேலையைத் துவைத்து, மறுபடி துவைத்து, பெட்டிக்கு அடியில் போட்டேன். எறிந்திருக்கலாம். ஏன் எறியவில்லை என்று கேட்காதீர்கள். எனக்கே தெரியாததை உங்களிடம் எப்படிச் சொல்வது?

காலண்டருக்குப் பின்னால் சீட்டு இருந்தது. போன் செய்தேன். மதுரையில் ஏதோ தறிக்கூடத்தில் இருக்கிறாளாம். நான் யாரென்று சொல்வதற்குள், "எட்டாவது இடமாக்கா?" என்றாள். பார்த்தீர்களா, காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். இதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை. நேற்று லியோன் மகன் துணியை வேனில் கொண்டுபோய் அவளிடம் சேர்த்துவிட்டான். நாளை மறுநாள் கடைசி நாள். "சேலையைக் கொண்டு வாங்க. பேர் என்ன போடறதுன்னு வரும்போது சொல்லுங்க, தைச்சுடலாம்" என்றாள்.

அங்கேதான் சிக்கல். என் பெயரைப் போட்டால், நீங்கள்தான் புழங்குவதில்லையே மேடம் என்பார் அந்தக் கண்ணாடிக்காரர். பெர்பெத்து பெயரைப் போட்டால் அது பதிவாகிவிடும். பிறகு எங்கள் வீட்டுக்கு அந்த மணலில் ஒரு பாய் அகலம்கூடக் கிடையாது. நாளைக்கு என் மருமகள் வந்தால் நான் எந்த இடத்தைக் காட்டுவேன்? சில்வெஸ்தர் சொன்னார், "உன் மருமக ஐ.டி. கம்பெனில இருந்து வந்து கருவாடு போடப்போறாளாக்கும்?" அவருக்கு எல்லாம் கேலி. மாமி எனக்கு விரித்துக் காட்டின இடம் அது. என் சேலை. என் இடம். இத்தனை வருஷம் நான் வேண்டாமென்றிருந்தாலும் என்னுடையதுதானே?

தூத்துக்குடியிலிருந்து இதைத்தான் யோசித்துக்கொண்டு வருகிறேன். உங்களிடம் பேனா இருக்கிறதா? இறங்கி நடக்கும்போது மனசு மாறிவிடும், எனக்கு என்னைத் தெரியும். இந்த டிக்கெட்டின் பின்னால் எழுதிவிடுகிறேன். பஸ் ஆடுகிறது, கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள்.

வாசியுங்கள். என்ன எழுதியிருக்கிறது? பெர்பெத்து என்றுதானே இருக்கிறது? சரி. அப்படியே இருக்கட்டும். மைனி இடம் என்று அவள் இனி யாரிடமும் சொல்லவேண்டாம். அந்த வார முதல் கையும் எனக்கு வேண்டாம், கடையில் வாங்கிக்கொள்கிறேன்.

ஆமாம், இவ்வளவு நேரம் ஒரு வார்த்தை பேசாமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே வந்தீர்களே, நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள்? எழுதுகிறவரா? பத்திரிகையா? இல்லையென்றால் சரி. கேட்டுவைப்பது நல்லதுதானே.

மாட்டுத்தாவணி வந்துவிட்டது. அந்தப் பையை இப்படித் தாருங்கள். அடியில் பிடிக்காதீர்கள், காதைப் பிடித்துத் தூக்குங்கள். வாடை கையில் ஒட்டிக்கொள்ளும். சோப்புப் போட்டாலும் மூன்று நாளைக்குப் போகாது. எனக்குத் தெரியும்.